செங்குட்டுவன் சொன்ன சரி

மனைவிக்கு உதிரப்போக்கு இருக்கிறது என்பது செங்குட்டுவனுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அவள் சொல்லி இல்லை. திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் எழில்மொழி இரண்டு நாள் தங்கிப் போக வந்தவள், குளியலறை வாளியில் ஊறிக்கொண்டிருந்த துணியைப் பார்த்துவிட்டு நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள்.

“நைனா, அம்மாவுக்கு நின்னுபோயி நாலு வருசம் ஆவுது. இப்ப இன்னாத்துக்கு துணி இப்டி கீது?”

வண்டிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த செங்குட்டுவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். அடுப்பருகே நின்ற மனைவி ரமாபாய் திரும்பவே இல்லை.

“சூட்டு ஒடம்பு. நாளெல்லாம் அடுப்பாண்ட நின்னா வேற இன்னா ஆவும்? வெந்தயம் ஊற வச்சி குடிச்சிகினுதான் கீறேன்.”

“எத்தினி நாளாமே?” என்றான்.

“பொங்கலுக்கு அப்பால இருந்து.”

அது ஜூன் மாதம். செங்குட்டுவன் போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். முப்பது வருஷமாக மணலிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவன், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நடையைக் கூட விட்டதில்லை. அன்று விட்டான்.

ரமாபாய் கொருக்குப்பேட்டையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வேலையில் சேர்ந்த புதிதில், அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று விசாரித்துக்கொண்டு சில வீட்டார் பிள்ளைகளிடம் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பினார்கள். ஒரு தகப்பன், தட்டோடு வரிசையில் நின்ற தன் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ரமாபாய் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. விடிந்ததும் தலைக்குக் குளித்து, நகத்தை ஒட்ட வெட்டி, அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, வந்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று சமையலறைக் கதவை விரியத் திறந்து வைத்துச் சமைத்தாள். இரண்டாவது வருஷம் டிபன் பாக்ஸ்கள் நின்றன. கையைப் பிடித்து இழுத்துப்போன அந்தத் தகப்பனே, தன் பெண் வீட்டில் சாம்பார் சரியில்லை என்று அழுவதாக வந்து சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் ரமாபாய் முகத்தில் ஒரு களை வரும். ஆனால் அந்தச் சுத்தம் அவளை விட்டுப் போகவில்லை. டீசல் பட்ட கையோடு செங்குட்டுவன் கரண்டியைத் தொட்டால் அவளுக்கு அடுக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையிலிருந்து சதையைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் பெர்சிஸ் இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பேசினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவசரமில்லாத குரல்.

“கர்ப்பப்பையில புற்றுநோய்மா. அங்கேயே இருந்திருந்தா கர்ப்பப்பைய எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன். இது வயித்துக்குள்ள பரவியிருக்கு. குடல் மேல போர்வை மாதிரி ஒரு கொழுப்பு இருக்கும், அதுல ஒட்டியிருக்கு. அங்கங்க அரிசி அரிசியா தெரியுது.”

செங்குட்டுவனுக்கு ‘அரிசி’ என்ற சொல்தான் காதில் நின்றது. ரமாபாய்தான் கேட்டாள்.

“எல்லாத்தியும் வெட்டி எட்த்துட்டா பூடுமா டாக்டரம்மா?”

“முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொன்ன மாதிரி ஆயிடும். முதல்ல மூணு தடவை மருந்து ஏத்துவோம். சுருங்கிச்சின்னா ஆபரேஷன். கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு விடாம எடுத்துட்டா, நல்லா இருக்கற காலம் கூடும். பாதி எடுத்து பாதி விட்டா, வயித்தக் கிழிச்சதுக்கு அவ்வளவா பலன் இருக்காது.”

“எம்மாங்காலம் கூடும்?”

“சில பேருக்கு ஒரு வருஷம். சில பேருக்கு ரெண்டு, மூணு. அபூர்வமா அதுக்கு மேலயும் இருக்காங்க.”

ரமாபாய் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், “இன்னிக்கி கொத்தமல்லி வாங்கணும்” என்றாள். எம்.கே.பி. நகர் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கட்டு வாங்கியும் கொண்டாள்.

மூன்று முறை மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது முறைக்குள் முடி கொட்டிவிட்டது. எழில்மொழி வாங்கி வந்த பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். வாயெல்லாம் புண். ஆனால் நோய் சுருங்கியிருந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் பெர்சிஸ் முதல்முறையாகச் சிரித்தார். அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

கையெழுத்துக் காகிதத்தை நர்ஸ் கொண்டுவந்தபோது, ரமாபாய் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

“இதென்ன, பை?”

நர்ஸ் விளக்கினாள். நோய் குடலில் ஆழமாக ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையும் வெட்ட வேண்டிவரும். சில சமயம் உடனே சேர்த்துத் தைக்க முடியாது. அப்போது குடலை வயிற்றின் மேல் திறந்து வைத்து ஒரு பை ஒட்டுவார்கள். மலம் அந்தப் பையில் வரும். “எல்லாருக்கும் வராதும்மா. பத்துல ஒருத்தருக்குத்தான்.”

ரமாபாய் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் செங்குட்டுவன் இடியாப்பம் வாங்கிப் போனான். நாளைக்கு அறுவை என்பதால் அவள் சாப்பிடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவள் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நீ துன்னு” என்றாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நாளிக்கி நா மயக்கத்துல கீறேன். எதுனா கேக்கணும்னா உன்னத்தான் கேப்பாங்க. பை வைக்கணும்னு வந்தா வேணாம்னு சொல்லிடு.”

“நீதான் கையெயுத்து போட்டியேமே.”

“போடலன்னா ஆப்ரேசனே இல்லன்னுட்டா? அதான் போட்டேன். நீ வெளிய கீற இல்ல, நீ சொல்லு. பீய வயித்துல கட்டிக்கினு நா அடுப்பாண்ட நிக்க மாட்டேன். நூத்தம்பது புள்ளைங்க என் கையால துன்னுது. அதுங்க வூட்ல இன்னா பேசுவாங்கன்னு எனுக்குத் தெரியும். அதுக்கு சீக்கிரமா போய்ச் சேர்றதே மேலு.”

“சரிமே.”

“சும்மா சொல்லாத.”

“சரின்னு சொல்லிட்டேன் இல்ல.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினோரு மணி சுமாருக்கு, எழில்மொழி இன்னொரு பாட்டில் ரத்தத்துக்காகக் கீழே போயிருந்த நேரத்தில், கதவு திறந்தது.

“ரமாபாய் கூட வந்தவங்க யாரு?”

டாக்டர் பெர்சிஸே நின்றார். பச்சை உடுப்பு, கழுத்துக்கு இறக்கிய முகக்கவசம். அவனைச் சுவரோரமாக அழைத்துப்போனார்.

“நல்லாத்தான் போயிட்டிருக்கு. கர்ப்பப்பை, சினைப்பை, அந்தக் கொழுப்புப் போர்வை எல்லாம் எடுத்தாச்சு. ஒரே ஒரு இடம்தான். பெருங்குடலோட கடைசிப் பகுதியில நல்லா ஒட்டிக்கிட்டிருக்கு. அத எடுத்தா எல்லாம் எடுத்த மாதிரி. ஆனா அவங்க உடம்பு இருக்கற நிலைமைக்கு உடனே சேர்த்துத் தைக்க முடியாது. பை வைக்கணும். அநேகமா கடைசி வரைக்கும்.”

“எடுக்காத உட்டா?”

“மாசக் கணக்குதான். எடுத்தா வருஷக் கணக்கா ஆகலாம். ஆகலாம்னுதான் சொல்றேன்.” கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, “கையெழுத்து வாங்கியிருக்கோம். இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன். இந்தப் பையப் பத்தி அவங்க உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?” என்றார்.

செங்குட்டுவன் வாழ்க்கையில் காத்திருப்புக்குப் பழகியவன். ராயபுரத்தில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே வண்டி வரிசையில் பதினாறு மணி நேரம் இருந்திருக்கிறான். ஆனால் இந்தக் கேள்விக்கு அவன் ஒரு மூச்சு நேரம் கூடக் காத்திருக்கவில்லை.

“ஒண்ணும் சொல்லலமா.”

“அப்ப எடுத்துடலாமா?”

“சரிமா.”

கதவு மூடியது. எழில்மொழி மூச்சிரைக்கப் படியேறி வந்து, “யாருனா வந்தாங்களா நைனா?” என்று கேட்டாள்.

“டாக்டரு வந்தாங்க. நல்லா போய்க்கினு கீதாம்.”

அவளிடமும் அவ்வளவுதான் சொன்னான்.

மூன்றாம் நாள் ரமாபாயின் கை போர்வைக்குள் மெல்ல நகர்ந்து இடது வயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். கேள்வி கேட்கும் பார்வை இல்லை. வீட்டுக்குள் திருடன் வந்து போயிருக்கிறான் என்று தெரிந்தவள் பார்க்கிற பார்வை.

“டாக்டரு வச்சிட்டாங்க” என்றான் செங்குட்டுவன்.

அது பொய் இல்லை. ஆனால் அவளை ஒரு பொய்க்குள் இறக்கிவிட அது போதும். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “வேணாம்னு நீ சொல்லலியா?” என்று அவள் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பானோ என்னவோ. அவள் கேட்கவில்லை. அவன் சொன்னதை டாக்டர் கேட்கவில்லை, அவன் கையை மீறி நடந்துவிட்டது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அவனும் அப்படியே விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் கொடுமையாக இருந்தது. பையை எப்படி எடுப்பது, ஓரத்தை எப்படி வெட்டுவது, சிவப்பு மொட்டு மாதிரி வெளியே தெரியும் குடலைச் சுற்றி எப்படித் துடைப்பது என்று நர்ஸ் செங்குட்டுவனுக்குத்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். ரமாபாய் அதைப் பார்க்க மறுத்தாள். அவன் மாற்றும்போதெல்லாம் முந்தானையை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள். அவன் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்பான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை, அவள் தோலில் படுகிறதே என்று பயந்து பயந்து செய்வான். முப்பது வருஷத்தில் அவளை இவ்வளவு கவனமாக அவன் தொட்டதில்லை. அவளுக்கு அது தெரிந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. முந்தானைக்கு அடியில் அவள் முகம் எப்படி இருந்தது என்றும் தெரியாது.

அவள் சாப்பிடுவதைக் குறைத்தாள். சாப்பிடாவிட்டால் பை காலியாக இருக்கும் என்பது அவள் கணக்கு. அடுப்படிப் பக்கமே போகவில்லை. செங்குட்டுவன் குழைத்துக் குழைத்துப் பொங்கி வைத்த சோற்றை இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். மறுபடி மருந்து ஏற்றப் போனபோது எடை குறைந்திருக்கிறது என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சாபிரா வந்தாள். பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அறுபது வயது. குடல் நோய்க்காக ஆறு வருஷமாகப் பை வைத்திருக்கிறவள். பை வைத்தவர்களுக்காக ஆஸ்பத்திரியில் வாராவாரம் நடக்கும் கூட்டத்தில் எழில்மொழிதான் அவளைப் பிடித்தாள். கறுப்பு புர்க்காவோடு மூன்று மாடி ஏறி வந்து, ரமாபாயின் கட்டிலில் உரிமையாக உட்கார்ந்துகொண்டாள்.

“துன்ன மாட்டேங்கிறியாமே? இன்னாத்துக்கு?”

ரமாபாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாத்தம் வருதுன்னா? இப்ப நா வந்து எம்மாநேரம் ஆச்சி, உனுக்கு நாத்தம் வந்துச்சா?” சாபிரா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். “இங்கதான் கீது. காலைல நாஷ்டா துன்னுட்டுத்தான் வந்தேன்.”

ரமாபாய் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“எனுக்கும் மொதல்ல பேஜாராத்தான் இருந்துச்சி. இத்த வச்சிக்கினு எப்டி தொயுவுறதுன்னு ஆறு மாசம் முசல்லாப் பாயத் தொடல. அப்பால பள்ளிவாசல் ஹஜ்ரத்தப் போயி கேட்டேன். ஒவ்வொரு தொயுகைக்கும் கை கால் கயுவி ஒளு செஞ்சிக்கினு தொயும்மான்னாரு. இப்ப அஞ்சு வேளையும் தொயுவுறேன். அல்லா இன்னா மூக்கப் பொத்திக்கினா கீறாரு?”

ரமாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்த செங்குட்டுவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான்.

அன்றிலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். மாற்றும்போது முந்தானையை முகத்தில் போடுவதும் மெல்ல நின்றது. ஒரு நாள் அவனிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி, “இம்மாம் பெருசாவா வெட்டுவ?” என்று ஓட்டையை அவளே வெட்டினாள்.

அறுவை முடிந்து ஆறாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் பெர்சிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரருக்குத்தான்மா நன்றி சொல்லணும். அன்னைக்கு நான் வெளிய வந்து கேட்டப்ப ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. சரின்னுட்டார். தயங்கியிருந்தார்னா இன்னைக்கு இந்த ஸ்கேன் இப்படி வந்திருக்காது.”

ரமாபாய் சிரித்த முகத்தோடேயே கேட்டாள். “இவர கேட்டீங்களா டாக்டரம்மா?”

“கேட்டேனே. நீங்க ஏதாவது சொல்லியிருக்கீங்களான்னுகூடக் கேட்டேன். ஒண்ணும் சொல்லலன்னார்.”

“அப்டியா” என்றாள் ரமாபாய்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அவள் நின்றபடியே கேட்டாள்.

“நா இன்னா சொன்னேன் உன்கிட்ட?”

“வேணாம்னு சொல்லச் சொன்ன.”

“நீ இன்னா சொன்ன என்கிட்ட?”

“சரின்னேன்.”

“அவங்ககிட்ட?”

அவள் குடித்து வைத்த தம்ளரை அவன் எடுத்து ஓரமாக வைத்தான்.

“ஆறு மாசமா கம்முனு இருந்திருக்க. நா அந்த டாக்டரம்மாவ மனசுக்குள்ள எம்மாம் திட்னேன் தெரியுமா? அவங்க கையால மறுபடி மறுபடி மருந்து ஏத்திக்கினு, உள்ளார திட்னேன். நீ பாத்துக்கினு இருந்திருக்க.”

“நீ செத்துப் பூடுவன்னாங்க ரமா.”

“என் ஒடம்பு. நா சொன்னது.”

அவள் கத்தவில்லை, அழவில்லை. அவனுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து பையை அவளே மாற்றிக்கொண்டாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். செங்குட்டுவன் வெளியே நிற்பான், ஏதாவது வேண்டுமா என்று கேட்கத் துணிவில்லாமல். அவள் அவனைத் தொடவிடவில்லை. வேறு எந்தத் தண்டனை கொடுத்திருந்தாலும் அவன் தாங்கியிருப்பான்.

ஒரு திங்கட்கிழமை அவன் காலை வண்டி நடையை முடித்து வீட்டுக்கு வந்தபோது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருந்தாள். எங்கே போனாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எழில்மொழிக்குப் போன் போட்டான், அங்கேயும் இல்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

சமையலறைக் கதவு வழக்கம்போல விரியத் திறந்திருந்தது. ரமாபாய் தலையில் துணி கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த உதவியாளர் சொக்கம்மாள் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“வேலைய எயுதிக் குடுத்துட்டுப் போறேன்னு காலைல வந்துச்சிண்ணா. இன்னான்னு கேட்டேன். வயித்துல பை கீதுன்னு சொல்லிச்சி.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? கைய கயுவிக்கினு உள்ள வா, பருப்பு தீயுதுன்னேன். வந்து குந்திக்கிச்சி.”

தலைமையாசிரியையும் ஒன்றும் சொல்லவில்லை. அண்டா தூக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். ரமாபாய் காய் நறுக்கினாள், முட்டை உரித்தாள், உப்புப் பார்த்தாள். பதின்மூன்று மாதம் அப்படி வேலைக்குப் போனாள். முடி சுருள் சுருளாகத் திரும்பி வளர்ந்தது. முன்பு இல்லாத சுருள். அந்தப் பதின்மூன்று மாதங்களில் எழில்மொழிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, ரமாபாய்தான் பெயர் வைத்தாள். சாபிரா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டாள். காசிமேட்டுக்குப் போய்ப் பேரம் பேசி வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்தாள். சாதாரண நாட்கள். ஒவ்வொரு சாதாரண நாளையும் பார்க்கும்போது செங்குட்டுவனுக்கு ‘இது நான் திருடிக் கொடுத்தது’ என்று தோன்றும். சொல்ல மாட்டான்.

அறுவை முடிந்து இருபது மாதம் ஆனபோது இருமல் வந்தது. பிறகு வயிறு உப்பியது. நுரையீரலில் புள்ளிகள், வயிற்றில் நீர்.

“மறுபடி ஒருவாட்டி ஆப்ரேசன் பண்ணி எட்த்துட முடியாதாமா?” செங்குட்டுவன்தான் கேட்டான்.

“இந்த முறை கத்தி உதவாது. எல்லா இடத்துலயும் இருக்கு. வேற மருந்து குடுத்துப் பாக்கலாம்” என்றார் டாக்டர் பெர்சிஸ்.

புது மருந்து இரண்டு முறை ஏற்றியும் கேட்கவில்லை. அவளைப் படுக்கையில் தள்ளியதுதான் மிச்சம். மூன்றாவதுக்குப் போக வேண்டிய நாள் காலையில், அவள் கிளம்பவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

“இங்க வா. குந்து. ஒண்ணு கேக்கணும்.”

உட்கார்ந்தான்.

“அன்னிக்கி மாதிரி திரும்ப வந்து கேட்டா இன்னா சொல்லுவ?”

அவன் நிறைய நேரம் யோசித்தான். அவளுக்குப் பிடித்த பதிலைச் சொல்ல அவனால் முடியும். முப்பத்திரண்டு வருஷத்தில் சொல்லாத பொய்யா?

“சரின்னுதான் சொல்லுவேன்.”

“நா வேணாம்னு சொல்லியும்?”

“ஆமாமே.”

ரமாபாய் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே பார்த்தாள். “புள்ளைக்கி பேரு வச்சேன். அது நெஜந்தான். பொறந்ததும் கையில வாங்கினேன். அதுவும் நெஜந்தான்.” மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். “ஆனா நீ என்னிய ஏமாத்துன. அதுவும் நெஜம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கயிஞ்சி போவாது. புரிதா?”

“புரிது.”

“இனிமே மருந்து வேணாம். கொயா கியா சொருவ வேணாம். வூட்லதான் இருப்பேன். இத நா டாக்டரம்மாகிட்ட என் வாயாலயே சொல்லுவேன். அப்பால பேச முடியாத பூட்டா, நீதான் சொல்லணும். நா சொன்னத சொல்லணும். உன் ஆசைய சொல்லக்கூடாது.”

அவன் ‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தான். அந்தச் சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

சொன்னபடியே டாக்டரிடம் அவளே பேசினாள். வலிக்கு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். ஏழு வாரம் வீட்டில் இருந்தாள். கடைசி வாரம் மூச்சுத் திணறல் மிகுந்த ஒரு மத்தியானம், எழில்மொழியும் மருமகனும் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவர்கள் ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள்.

“நைனா, இன்னா நின்னுகினு கீற, தூக்கு!” என்று எழில்மொழி கத்தினாள். “அங்க போனா மிசின்ல வச்சி காப்பாத்துவாங்க!”

ரமாபாயின் கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை. செங்குட்டுவன் ஸ்ட்ரெச்சருக்கும் கட்டிலுக்கும் நடுவே போய் நின்றான். அவன் உடம்பு முழுக்க அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடவே துடித்தது. மகளும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மருமகனும், சீருடைக்காரர்கள் இருவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேணாம். வூட்லதான் இருப்பேன்னு சொல்லிக்கீது” என்றான்.

“நீயா சொல்றியா நைனா இத்த?”

“நா சொல்லல. அது சொன்னது.”

எழில்மொழி அவன் நெஞ்சில் குத்தினாள். இரண்டு கையாலும் குத்திக்கொண்டே அழுதாள். அவன் நகரவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஒரு தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெல்ல ஸ்ட்ரெச்சரை மடித்தார்கள்.

சாயங்காலம் பை நிரம்பியிருந்தது. எழில்மொழி எழுந்தாள். ரமாபாய் கையை லேசாகத் தூக்கி அவளை நிறுத்தி, செங்குட்டுவனைப் பார்த்தாள். அவன் தண்ணீர் சுட வைத்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவளைத் தொட்டுத் துடைத்து மாற்றினான். அவள் முகத்தை மூடவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை, எழில்மொழி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது ரமாபாயின் மூச்சு நின்றது. அறுவைக்குப் பிறகு இரண்டு வருஷமும் பத்து நாளும் இருந்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து சொக்கம்மாளும் தலைமையாசிரியையும் வந்தார்கள். சாபிரா வந்தாள். பௌத்த முறையில் பஞ்சசீலம் சொல்லி எடுத்துப்போனார்கள்.

ஒரு மாதம் கழித்துச் செங்குட்டுவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் பெர்சிஸ் அவனை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூப்பிட்டார். அவன் உட்காரவில்லை.

“அன்னிக்கி வெளிய வந்து, அது எதுனா சொல்லிச்சான்னு கேட்டீங்க. இல்லன்னேன். பொய்மா அது. பை வேணாம்னு முந்தின நாளே சொல்லிச்சி. நா சரின்னும் சொல்லியிருந்தேன்.”

டாக்டர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

“அப்ப சொல்லியிருந்தீங்கன்னா, நான் அத அப்படியே விட்டுட்டு மூடியிருப்பேன்.”

“அப்டி மூடியிருந்தா?”

“அந்த வருஷம் தாண்டியிருக்க மாட்டாங்க.” சொல்லிவிட்டு அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நானும் அவங்கள மட்டும் தனியா உக்கார வச்சு முன்னாடியே கேட்டிருக்கணும். நர்ஸ் கையில காகிதத்தக் குடுத்து அனுப்பிட்டேன்.”

“நா செஞ்சது தப்பாமா?”

“தெரியல” என்றார் டாக்டர் பெர்சிஸ்.

வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். செங்குட்டுவன் கும்பிட்டுவிட்டு வந்தான். மாடிப்படியில் பாதி இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். அவள் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சோற்றுத் தூக்குவாளியும் ஸ்கேன் உறையுமாக மேலே ஏறுகிறவர்கள், அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.